நீ பாடிக் கிழித்த ஒப்பந்தம்

என் அருமை அக்காவுக்கு,

சேதி நல்லதில்லை. ஆனால் உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்? நீ கிழிக்க வைத்த ஒப்பந்தத்தை உன் மகன் மறுபடி எழுதியிருக்கிறான்.

பழைய ஊரிலிருந்து பிரிந்து, நாம் தனிக் கோயிலும் தனிப் பஞ்சாயத்தும் வைத்த புதிது, நினைவிருக்கிறதா? தனியாகப் போனவர்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போடக் கூடாது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நம் ஆட்கள் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டார்கள். இறாலெல்லாம் ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில்தான். அது போனால் நமக்கு என்ன மிச்சம்?

பிறகு, குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரும் சுருக்குமடி வலைக்காகப் பழைய ஊருக்கும் வடக்கு ஊருக்கும் சண்டை மூண்டது. படகுகள் எரிந்தன. வடக்கோடு சேர்ந்து அடிப்போம் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த நேரத்தில் பழைய ஊர்த் தலைவர் இறந்தார். அங்கே நல்லது கெட்டதுக்கு நம்மவர் யாரும் போகக் கூடாது என்று நம் பஞ்சாயத்தின் கட்டுப்பாடு. நீ கோடித்துணியோடு கிளம்பினாய்.

"பைத்தியமா உனுக்கு? வெட்டிப் போட்ருவானுங்க!"

"சாவு வூட்டுக்கு வந்தவள எவன்டா தடுப்பான்? நீ குந்திகினு பேப்பர் படி."

பெண்களோடு தோள் சேர்த்து உட்கார்ந்து ஒப்பாரிக்கு நடுவே இழுத்தாயாம்: "கடலெல்லாம் ஆண்ட ராசா, ஒரு வயித்துப் புள்ளைங்களுக்குக் கதவ சாத்திட்டியே!" பழைய ஊர்ப் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கள் ஆண்களைப் பார்த்தார்களாம். ஒப்பாரிக்கு யார் எதிர்வாதம் பேச முடியும்? நாம் வடக்கோடு சேராமல் இருந்தால் போதும் என்று, கருமாதி அன்று பழைய ஊரின் புதுத் தலைவரே அந்தத் தாளைக் கிழித்தார். போருக்கு நடுவே சின்ன நாடுகள் தூது அனுப்பும் செய்தியைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம்தான் வரும்.

இப்போது கேள். அலை வீடுகளைத் தின்றதும் நம்மவர்களில் சில குடும்பங்கள் ஆற்றுக்கு அக்கரையில் குடிசை போட்டுத் தனிப் பஞ்சாயத்து வைத்தன. நம் ஊர்த் தலைவர் நாற்காலியில் உன் மகன். அதே வாசகம், அதே முகத்துவாரம். அவர்களும் தலைகுனிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். நான் எழுந்து கத்தினேன். "பெருசு, உக்காரு" என்று சிரித்தார்கள்.

இன்று காலை அக்கரையில் கன்னியம்மா இறந்துவிட்டாள். உன்னோடு டோல்கேட் வரை மீன்கூடை தூக்கியவள். நீ கண்ணை மூடிய அன்று உன் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதவள். அவள் சாவுக்கு நம் ஊரில் யாரும் போகக் கூடாதாம்.

"மாமா, பேஜாரு பண்ணாத. ஊர்க் கட்டுப்பாடு கீது. போனா உன்னியும் தள்ளி வெச்சுருவாங்கோ. நாளைக்கு உன்னத் தூக்க நாலு பேரு வரமாட்டான்."

"உங்கம்மா போனாடா."

"அது அந்தக் காலம் மாமா."

எந்தக் காலம், அக்கா? அந்தக் காலத்து இறாலைத் தின்றுதானே இவன் வளர்ந்தான்?

கோடித்துணி வாங்கி வைத்துவிட்டேன். சுடுகாடு இக்கரையில்தான் இருக்கிறது. கன்னியம்மாவின் பாடை உன் மகன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாசலில் நின்று, நீ பாடிய வரியை என் காக்கைக் குரலில் பாடுவேன். ஆண்பிள்ளை ஒப்பாரி வைக்கிறான் என்று சிரிக்கட்டும். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. என்னைத் தூக்க நம் ஊரில் ஆள் வராவிட்டால் அக்கரைக்காரர்கள் தூக்குவார்கள்.

கட்டுப்பாட்டை மீறியவளின் கூடப்பிறந்தவன்,
உன் தம்பி