கருப்பாய் வந்த நட்சத்திரப் படங்கள்

அன்புள்ள மகள் ரேணுகாவுக்கு,

நெம்மேலியிலிருந்து நைனா தனகோடி சொல்லச் சொல்ல உன் அண்ணி வசந்தா எழுதுவது. இங்கே மழை விட்டு நாற்று பிடித்துக்கொண்டது, எல்லோரும் சௌக்கியம். ஜெர்மனிக் குளிர் உன்னை அண்டாமலிருக்க எல்லையம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் லேப்டாப் கெட்டுப்போய்விட்டது, வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள நட்சத்திரப் படங்கள்தான் மிச்சம், அதுவும் இல்லையென்றால் நாலு வருடப் படிப்பு வீண் என்று போனில் அழுதாயே, அன்றைக்குக் கரண்ட் இல்லை என்று குமார் சொன்னது பொய். கரண்ட் இருந்தது. நீ வைத்துவிட்டுப் போன சாஃப்ட்வேரில் படங்களைத் திறந்து பார்த்தான், அத்தனையும் கருப்பு. உப்புக்காத்து துன்னுட்சி நைனா, இத்த எப்பிடி அதுகிட்ட சொல்றது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான் உன் அண்ணன். இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வேர்க்கடலை உரிக்கும்போது எனக்கு நினைவு வந்தது. போன தடவை லீவில் நீ வேலை செய்ய, பக்கத்தில் நான் இதே கடலைதான் உரித்துக்கொண்டிருந்தேன். அன்றும் ஒவ்வொரு படமும் முதலில் கருப்பாகத்தான் வந்தது. வானத்து வெளிச்சம் ரொம்பக் கம்மி, தூக்கிவிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும் என்றாய். திரையின் மேலே இருந்த எழுத்து வரிசையில் ஏழாவதை அழுத்தினாய், தொங்கிய பட்டியலில் இரண்டாவதை, பிறகு மவுஸின் வலப்பக்கத்தை அழுத்திப் பிடித்து மெல்ல இழுத்தாய். எனக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். குமாரிடம் சொன்னால், சும்மா கெட நைனா, நீ வேற பேஜாரு பண்ணாத என்று சிடுசிடுத்தான். அமுக்குனா இன்னா கொறஞ்சா பூடுவ, ஒரு தபா அமுக்கித்தான் பாரேன் என்று வசந்தா அதட்டினாள். அமுக்கி இழுத்தான். கருப்புக்குள்ளிருந்து தவிடு இறைத்தாற்போல நட்சத்திரம், நடுவில் அடுப்புப் புகை மாதிரி ஒன்று. நாற்பத்தொரு படத்தையும் அப்படியே திறந்து பார்த்தோம், ஒன்றும் கெடவில்லை. அப்புறம்தான் உனக்குப் போன் போட்டு, எல்லாம் பத்திரமாக் கீது என்று குமார் கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்பும் படூர் தேசிகன் சார் பிள்ளை ஜெயந்திடம் படங்களை ஏற்றிய டிஸ்கையும் இந்தக் கடிதத்தையும் கொடுக்கிறோம். இங்கேயும் ஒரு காப்பி வைத்திருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

லேப்டாப் கெட்டதை நீ ஒரு வாரம் எங்களிடம் சொல்லவில்லை, படம் கருப்பானதை நாங்கள் இரண்டு நாள் உன்னிடம் சொல்லவில்லை. இனி வேண்டாம் அம்மா. எது கெட்டாலும் அன்றைக்கே சொல், சேர்ந்தே பயப்படுவோம். நல்லா இரு.

படிக்கக் கேட்டுக் கைநாட்டு வைத்தது,
உன் நைனா தனகோடி