காற்று இழுக்கும் குழாய்

மார்ச் 12, 2025. புதன்

இன்றும் குமிழி. மோட்டாரைப் போட்டதும் நீச்சல் தொட்டிச் சுவரில் தண்ணீர் திரும்பி வரும் இரண்டு துவாரங்களிலும் காற்றும் சேர்ந்து வருகிறது, குலுக்கித் திறந்த சோடா மாதிரி. பத்து நிமிடத்தில் மோட்டார் தண்ணீர் கிடைக்காமல் கத்த ஆரம்பிக்கிறது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அணைக்கிறார். இது பத்தொன்பதாவது நாள்.

ஓடாத தண்ணீர் பச்சை பிடித்துவிட்டது. "ரெண்டு நாள் பொறு அருணா" என்கிறார். எத்தனை ரெண்டு நாள்?

ஜனவரியில் டாக்டர் சொன்னது இது. "மார்பளவு தண்ணியில தினம் அரை மணி நேரம் நடங்கம்மா. ஆறு மாசம் பாப்போம். இல்லன்னா ரெண்டு முட்டியையும் மாத்த வேண்டியதுதான்." ஆறில் இரண்டு மாதம் போய்விட்டது. இதுவரை நான் நடந்தது ஒன்பது நாள். அந்த ஒன்பதாம் நாள் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் இறங்கினேன்.

மார்ச் 15. சனி

நேற்று முன்தினம் ராத்திரி முழுக்கச் செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டத்தின் சத்தம். இருபத்திரண்டு வருஷம் ஒரு பௌர்ணமி விடாமல் சுற்றிய கால்கள் இவை. இப்போது கேட் வரைக்கும் போய்வந்தால் ஐஸ் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்த ஜெர்மன்காரம்மா தினமும் நீந்தினாராம். அப்போது மோட்டார் தொட்டியை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. குமிழி கிமிழி எதுவும் இல்லை. வீட்டை இவர் வாங்கினார். வருகிறவர்களிடமெல்லாம் "இவளுக்காகத்தான் வாங்கினேன், தொட்டி இருக்குதேன்னு" என்று சொல்லியாகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பால் காய்ச்சும்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் வந்தார். மணியம்மாள், இவருக்கு மூத்தவர். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். "ஏண்டா ராஜா, ஈசானியத்துல மோட்டாரா? தண்ணி மூலையில நெருப்ப வெச்சிருக்கான், இது உருப்படுமா?" அவ்வளவுதான். மோட்டார் அக்னி மூலைக்குப் போனது, எழுபது அடி தள்ளி. சந்து நேராக வந்து நம் மதிலில் முட்டுகிறது, தெருக்குத்து என்று சொல்லி அங்கே ஒரு மேடை கட்டிப் பிள்ளையாரையும் வைத்தார்கள். எல்லாம் மாசியில் ஒரே வாரத்தில்.

"நல்லா ஓடற மோட்டாரை ஏன் தொடணும்?" என்று ஒரு தடவை கேட்டேன். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்.

மார்ச் 30. ஞாயிறு

மாறன் வந்தான். நாத்தனார் ஊர்க்காரன், மணிலாக் கொல்லைகளில் வேர்க்கடலைப் பாசனத்துக்குக் குழாய் போடுகிறவன். இங்கேயும் அவன்தான் போட்டான்.

"கொல்லைக்குப் போடற பைப்புதாம்மா. வாயச் சுட்டு, பசை இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருவிட்டேன். நாலு சொட்டு ஒழுவினாலும் பயிருதான குடிக்கப் போவுது."

அவன் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வரும். இங்கே மோட்டார் எழுபது அடி தூரத்திலிருந்து இழுக்கிறது. இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் காற்றுதானே உள்ளே போகும்?

ஏப்ரல் 9. புதன்

இவருடைய வைத்தியங்கள்: தண்ணீர் மட்டம் கம்மி என்று டேங்கர் வரவழைத்து நிரப்பினார். குமிழி. மோட்டார் மூடியின் ரப்பர் வளையத்துக்கு வாசலின் தடவினார். குமிழி. புது மூடி. குமிழி. பிறகு ஜெர்மன்காரம்மாவைத் திட்டினார்.

ஏப்ரல் 20. ஞாயிறு

அவருடைய ஷேவிங் நுரையை எடுத்துக்கொண்டு போய், வெளியே தெரியும் இணைப்பு ஒவ்வொன்றிலும் அப்பினேன். மோட்டாரைப் போட்டேன். காற்று போகும் இடத்தில் நுரை உள்ளே இழுபட வேண்டும். எங்கேயும் இழுபடவில்லை. அப்படியானால் ஓட்டை மண்ணுக்கு அடியில்.

சொன்னேன். சவரம் செய்ய நுரை இல்லாத கோபத்தில் இருந்தார். "லேப்ல குழாய் கழுவினவங்க எல்லாம் இன்ஜினியர் ஆயிட்டா, இன்ஜினியர் எல்லாம் எங்க போறது?"

ஆமாம், கழுவினேன். பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் லேப் அசிஸ்டென்ட். டீச்சர் பாடம் நடத்தும்போது காற்றழுத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் செய்துகாட்டியது யாராம்? என் கைதானே? சொல்லவில்லை. எழுதுகிறேன்.

மே 13. செவ்வாய்

சித்ரா பௌர்ணமிக்கு வந்து தங்கிய நாத்தனார் காலையில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மதிவதனிகூட ஓடிவந்துவிட்டாள். பிள்ளையார் மேடைக்குக் கீழே, தோட்டம் சரிந்து இறங்கும் இடத்தில் ஈரம். ஒரு சின்னக் குட்டை.

"கங்கைடி! என் அப்பன் காலடியில கங்கை பொங்கியிருக்கா!" அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். என் தலையிலும் தெளித்தார். குளோரின் வாசனை.

"அண்ணி, இது தொட்டித் தண்ணி. குழாய் மேடைக்கு அடியிலதான் போவுது. மேடை கனத்துல இணைப்பு விட்டிருக்கும்."

"வாயை அலம்பு அருணா."

மே 15. வியாழன்

மூன்று நாளாகப் பார்த்துவிட்டேன். மோட்டார் ஓடாதபோது குட்டை நிறைகிறது. மோட்டாரைப் போட்டால் பத்து நிமிடத்தில் வற்றுகிறது, குமிழி வருகிறது. ஒரே ஓட்டை. நின்றால் தண்ணீர் வெளியே, ஓடினால் காற்று உள்ளே. இதைவிட என்ன வேண்டும்?

மே 18. ஞாயிறு

நேற்று மாலை, மோட்டார் நின்றிருந்தபோது, தொட்டியில் தண்ணீர் உள்வாங்கும் வாயில் சொட்டு நீலம் அரை பாட்டில் ஊற்றினேன். காலையில் பிள்ளையார் காலடியில் நீலத் தண்ணீர்.

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்பன் நீலகண்டன் நிறமே வந்துடுச்சுடா ராஜா!"

சிரித்தேன். வேறு என்ன செய்வது? இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காலி பாட்டிலைக் காட்டினேன். குட்டையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. என் கண்ணால் பார்த்தேன், புரிந்துவிட்டது.

பிறகு சொன்னார்: "பிரதிஷ்டை பண்ண மேடையை இடிக்க முடியாது. மோட்டாரைத் திரும்ப ஈசானியத்துக்கு மாத்தினா அக்கா இந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டா. மாமா போனதுக்கப்புறம் இப்பதான் அவ முகத்துல ஒரு சந்தோஷம் தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "உனக்கு ஆபரேஷனே பண்ணிடலாம் அருணா. இப்பல்லாம் சுலபமாம்."

சுலபமாமே! என் முட்டியை அறுத்து எடுக்கிறது சுலபம், நாலு செங்கல்லை எடுக்கிறது கஷ்டம். என்னா மனுஷன் இவரு. எனக்காக வாங்கின வீடாம். எனக்காகவாம்.

ஜூன் 11. புதன்

மோட்டாரை இப்போது அவர் போடுவதே இல்லை. போட்டால் ஊற்று வற்றிவிடுமே. தொட்டியில் மட்டம் குறைந்தால் ஊற்றும் குறைகிறது, அதனால் தினமும் போர் தண்ணீரை விட்டுத் தொட்டியை நிரப்புகிறார். தவளைகள் வந்துவிட்டன. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆட்கள் பாட்டிலோடு வருகிறார்கள்.

ஜூலை 21. திங்கள்

எக்ஸ்ரே. இடது முட்டி போய்விட்டது. இந்த வருஷத்துக்குள் மாற்றியாக வேண்டும். "வலதைக் காப்பாத்தலாம். ஆனா தண்ணியில நடக்கணும், நடந்தீங்களா?" என்றார் டாக்டர். இவர் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகஸ்ட் 24. ஞாயிறு

பழைய மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று மேடைப் பக்கம் தண்ணீர் போகிற வழி, ஒன்று வருகிற வழி. இன்று இரண்டையும் மூடினேன். கால் சுற்றுதான்.

ஆகஸ்ட் 27. புதன்

விநாயகர் சதுர்த்தி. நாத்தனார் வேன் வைத்து ஊரையே அழைத்து வந்துவிட்டார். மேடைக்குக் கீழே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் மேடையோரம் உட்கார்ந்து அழுதார். "நான் என்ன குத்தம் பண்ணேன்? எங்கிட்டருந்து எல்லாத்தையும் எடுத்துக்கறியேடா" என்று பிள்ளையாரிடம் கேட்டார். அறுபத்தெட்டு வயசு மனுஷி. ஓடிப்போய் வால்வைத் திறந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி விடவில்லை, இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "அண்ணி, மூணு நாளைக்கு முன்ன விடியக்காலம் கனவுல வந்தார். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். என் காலடியில குழாய் வேணாம், மோட்டாரைப் பழைய இடத்துலயே வெய்யின்னார்."

என் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்கியது. பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"மூணு நாளா ஏண்டி வாயைத் தொறக்கல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் நாத்தனார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ராஜா, நாளைக்கே மாத்துடா. அவரே சொன்னப்புறம் ஈசானியம் என்ன, அக்னி என்ன?"

"சரிக்கா" என்றார் இவர். ஒரு கேள்வி இல்லை. நாலு மாசம் உண்மையைச் சொன்னேன், ஒரு செங்கல் அசையவில்லை. ஒரு பொய் சொன்னேன், சாயந்திரத்துக்குள் மாறனுக்குப் போன் போய்விட்டது.

ஆகஸ்ட் 29. வெள்ளி

ஒரே நாளில் முடித்துவிட்டான். மோட்டார் பழைய இடத்தில். இணைப்புகளுக்கெல்லாம் பசை போட வைத்தேன், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து. அரை மணி நேரம் குமிழி வந்தது, குழாயில் தங்கிய காற்று. பிறகு நின்றது. துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

கிளம்பும்போது மாறன், "ஏம்மா, வால்வு ரெண்டும் மூடினாப்ல இருந்துச்சே?" என்றான்.

"அப்படியா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "கொல்லை பைப்ப இதுக்குப் போட்டது என் தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். இந்த எட்டு மாதத்தில் 'என் தப்பு' என்று யாராவது சொல்லிக் கேட்டது இதுதான்.

செப்டம்பர் 8. திங்கள்

தண்ணீர் தெளிந்தது. இறங்கினேன். இருபது நிமிடம். மார்பு வரை தண்ணீர் வந்ததும் உடம்பு எடையே இல்லாமல் போனது. அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே ஈரம்தானே.

அக்டோபர் 12. ஞாயிறு

மதிவதனி வந்தாள், மகள் ஜாதகத்தோடு. "அக்கா, உங்களுக்குக் கனவுல வர்றாராமே. இந்த எடம் அமையுமான்னு கேட்டுச் சொல்லுங்களேன்." எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் வராது என்றேன். "பெரியவங்க இப்படித்தான் அடக்கமா சொல்வாங்க" என்று ஜாதகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். போன வாரம் நாத்தனார் ஊரிலிருந்து இரண்டு பேர். குழாயைப் பற்றிக் கேட்க இந்த வருஷம் முழுக்க ஒருத்தர் வரவில்லை.

நாத்தனார் என் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவர் கை படும்போதெல்லாம் கூசுகிறது.

நவம்பர் 16. ஞாயிறு

வலது முட்டி பரவாயில்லை. இடது முட்டிக்கு ஆபரேஷன் நாள் குறிக்க வேண்டும். இவர் காலண்டரும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார்.

"எப்ப வெச்சுக்கலாம்?"

கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் இவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். "தீபம் முடிஞ்சதும் வெச்சுக்கலாங்க. அதுவரைக்கும் தண்ணியில நடந்தா வலது கால் நல்லா தாங்கும். டாக்டரும் அதான் சொல்றார். எனக்கும் அதுதான் சரின்னு படுது."

"உன் அபிப்பிராயத்தைக் கேக்கல அருணா," என்றார், மரியாதையாகத்தான். "கனவுல அவர் ஏதாவது சொன்னாரா?"

இவர் முகத்தைப் பார்த்தேன். நீலத் தண்ணீரைப் பார்த்த அதே கண். காலி பாட்டிலைப் பார்த்த அதே கண்.

"சொன்னார்" என்றேன். "டிசம்பர் பத்து, புதன்கிழமை."

காலண்டரில் வட்டம் போட்டார். நேரம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். காலை ஒன்பதரை என்றேன். டாக்டர் வருகிற நேரம். அதையும் எழுதிக்கொண்டார்.