கடைசியாக வருபவனின் கயிறு

ஐப்பசியின் கடைசி ஞாயிறு, காலை ஐந்து பத்து. மலையேற்றக் குழுவின் வேனில் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். சைதாப்பேட்டை பாலம் தாண்டியதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். யாருக்காக நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "பழக்கம் சார். கை தானா திருப்பிடுச்சு" என்றார்.

நீ ஏறும் இடம் அது. நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது என்று அவருக்கும் தெரியும்.

கிளம்பச் சொல்வதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். உன் தங்கை. தோளில் உன் பை. அவள் ஏறியதும் பாசியும் ஈர நைலானும் கலந்த அந்த வாடை வேன் முழுக்கப் பரவியது. பையிலிருக்கும் நம் கயிற்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நேராகப் பின்வரிசைக்குப் போய் உன் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாண்ணா பாக்குற? நானும் வரேன். அண்ணன் மாரி கடைசியா வரேன்."

"ரெண்டு நாளா மலையில மழை. ஆத்துல தண்ணி ஏறியிருக்கும். இறங்கு."

"டிரைவரண்ணா, நீ வண்டிய எடு."

அவர் எடுத்துவிட்டார். உன் வீட்டில் ஒருவரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

இப்போது பன்னிரண்டு பேர். மலை அடிவாரத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வடக்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் போகும் அந்தப் பாதை ஆற்றை மூன்று இடங்களில் கடக்கிறது. முதல் இரண்டும் முழங்கால் தண்ணீர். என் கவலை மூன்றாவது.

நம் முறை உனக்குத் தெரியும். நான் முதலில் நீந்தி அக்கரை மரத்தில் கயிற்றைக் கட்டுவேன். எல்லோரும் அதைப் பிடித்துக் கடப்பார்கள். கடைசி ஆள் இக்கரை முடிச்சை அவிழ்த்து, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வர, நாங்கள் மறு நுனியை மரத்திலிருந்து அவிழ்த்து இழுப்போம். எப்போதும் முதல் ஆள் நான், கடைசி ஆள் நீ. எனக்கு மெதுவாக நடப்பவர்களோடு நடக்க வராது. "நீ போய்க்கினே இரு மச்சி. உளுந்ததெல்லாம் நான் பொறுக்கிக்கினு வரேன்" என்பாய்.

போன வருடம் நீ பொறுக்கியது தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சியின் பையை. நனையக் கூடாது என்று அவர் கெஞ்ச, நீ அதை இரண்டு கையாலும் தலைமேல் தூக்கிக்கொண்டாய். கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டாய். ஓடும் தண்ணீரில் உடம்பில் கயிறு கட்டாதே என்று எத்தனை தடவை படம் போட்டுக் காட்டியிருப்பேன்! "தெரியும்டா வாத்தியாரே" என்று எதிர்க்கரையிலிருந்து கத்தினாய்.

நடு ஆற்றில் கால் வழுக்கியது. நாங்கள் இழுத்தோம். கயிறு விறைத்தது, உன் முதுகில் மோதிய தண்ணீர் உன்னை அப்படியே குப்புற அமுக்கியது. இழுக்க இழுக்க நீ உள்ளே போனாய். பை மட்டும் மிதந்து போனது.

"விடுங்க!" என்றேன். மற்றவர்கள் விட்டார்கள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? விட்டா பய போயிருவாம்லா!" அண்ணாச்சி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். சுற்று அவிழ்ந்தது. நான் விட்டேன்.

உன் தலை மேலே வந்தது. வளைவில் ஒரு மரத்தின் வேரைப் பிடித்தாய். நான் ஓடி வந்து சேர்ந்தபோது தண்ணீரைக் கக்கிவிட்டுச் சிரித்தாய்: "இன்னா மச்சி, வுட்டுட்ட?"

அதற்கு அப்புறம் நம் பெருங்குடி ஆபீஸ் முழுக்க நான் கயித்த வுட்டவன். கேன்டீனில்கூட, "தட்ட அவன் கைல குடுக்காத, வுட்டுருவான்." கணக்குப்படி நான் செய்தது சரி. ஆனாலும் நீ சிரிக்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன். நீ கேலி செய்கிறாயா, ஏன் விட்டாய் என்று கேட்கிறாயா? நான் கேட்கவே இல்லை. பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தாய்; நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாய்: "நடக்கும்போது நீ திரும்பிப் பாத்ததே இல்லடா. அன்னிக்குத்தான் என் மூஞ்சியப் பாத்த."

முன்னால் போகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

சற்று முன் டீக்கடையில் நிறுத்தினோம். உன் தங்கை கிளாஸை நீட்டினாள். "கெட்டியா புடி. வுட்டுராத" என்றாள். என் முகம் மாறியிருக்க வேண்டும். "ஐய, மூஞ்சியப் பாரு! அவன் வுட்டதாலதான் நான் ஊடு வந்து சேந்தேன்னு அண்ணன் அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிச்சே. உன்கிட்ட சொல்லலியா?"

டீ ஆறிப்போனது. இதை என்னிடம் சொல்ல உனக்கு அத்தனை மாதம் போதவில்லையா, மடையா?

அடிவாரம் வந்துவிட்டது. செய்யப்போவது:

1. மூன்றாவது கடப்பில் ஆற்றின் நடுவே இருக்கும் பாறை தண்ணீருக்கு மேல் தெரியவில்லையென்றால் திரும்புவோம். யார் கத்தினாலும்.

2. பாறை தெரிந்தால், நன்றாக நீந்தும் இருவர் முதலில் போவார்கள். யார் பையையும் யாரும் சுமக்கப் போவதில்லை.

3. கடைசியாக நான் வருவேன். மெதுவாக நடப்பவர்களோடு, வாயை மூடிக்கொண்டு.

4. கயிறு என் கையில் இருக்கும், இடுப்பில் அல்ல. அக்கரையில் அதைப் பிடிக்கப்போவது உன் தங்கை. எப்போது விட வேண்டும் என்று அவளுக்கு இப்போதே சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.