பதினொன்றேகால் மணி

பிரிக்பீல்ட்ஸ்,
12.3.1977

அன்பு மகள் சிவமலருக்கு அம்மா எழுதிக்கொள்வது. கந்தசுவாமி துணையால் நானும் உன் தம்பி வாசுவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அதை நான் பாதிதான் நம்புகிறேன், போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அனுப்பிய மிளகாய்த்தூளைப் பக்கத்து அறைக்காரிகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடாதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டீச்சர் வேலையை விட்டுவிட்டு, மியூசியத்தில் வேலை பார்க்கச் சரித்திரம் படிக்கப் போகிறேன் என்றாய், சரி என்றேன். வகுப்பில் ஆளுக்கொரு வீட்டுப் பொருள் காட்டச் சொன்னார்கள் என்று உன் ஜாதகத்தையா கொண்டுபோய் வைப்பாய், வீட்டில் குத்துவிளக்கு இல்லையா, என் வெற்றிலைத் தட்டம் இல்லையா? பிறந்த நேரம் பதினொன்றேகால் என்றிருக்கிறதே, அது எந்தக் கடிகாரத்து நேரம் என்று உன் வாத்தியார் கேட்டாராம், நீயும் என்னைக் கேட்கிறாய். பெற்றவளைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லித் தருவது என்ன படிப்பு? அங்கே எவனையோ பார்த்து வைத்துக்கொண்டு, ஜாதகமே பொய் என்று காட்டத்தான் இந்தச் சுற்றுவழியோ என்றுகூட நினைத்தேன். வாசு சிரிக்கிறான், அக்கா அப்படியெல்லாம் செய்யாது லா என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நீ பிறந்தது நாற்பத்துநாலு மாசி, ஜப்பான்காரன் ஆண்ட காலம். மலாயா முழுவதும் தோக்கியோ நேரம்தான் என்று கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். அப்பா ரயில்வே கிளார்க், பயந்த மனிதர், ஸ்டேசன் கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தையும் தள்ளி வைத்தார். நீ அழுததும் மருத்துவச்சி நேசம்மா அதைப் பார்த்துத்தான் நேரம் சொன்னாள். சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் அப்பா அதே நேரத்தை யாழ்ப்பாணத்தில் நம் ஊர் ஜோசியருக்கு எழுதி ஜாதகம் கணித்து வாங்கினார். ஒன்றரை மணியை யாரும் கழிக்கவில்லை. உன் கடிதம் வரும்வரை எனக்கும் தோன்றவில்லை. மனம் கேட்காமல் போன வெள்ளிக்கிழமை வாசுவுக்கும் சொல்லாமல் பஸ் ஏறி சாலாக் செலாத்தான் ஜோசியர் தம்புசாமியிடம் போய், பெயர் சொல்லாமல், ஒன்பதே முக்காலுக்குப் பிறந்த பிள்ளை என்று கணிக்கச் சொன்னேன். எட்டாமிடத்தில் இருந்த செவ்வாய் ஒன்பதில் நிற்கிறது, பிள்ளைக்குத் தோஷமே இல்லை என்றார். அவரையும் சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். அதையேதான் சொன்னார்.

கிள்ளான் வீரசிங்கத்தார் மகன் ராதாகிருஷ்ணனுக்கு உன்னைக் கேட்டு வந்தபோது உனக்கு இருபத்துநாலு வயது. உனக்குப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். புருஷனுக்கு ஆகாத ஜாதகம் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். அந்தப் பையனே பயப்படவில்லை, உனக்கென்ன என்று அப்பா கேட்டார், இருந்தும் நான் பிடித்த பிடியை விடவில்லை. நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. போன மாதம் அவனைக் கோயிலில் கண்டேன், இரண்டு பிள்ளைகள். சிவமலர் சுகமா ஆன்டி என்று கேட்டான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மகளே.

உண்மையைச் சொல். எல்லாம் தெரிந்துதான் அந்த ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனாயா? தெரிந்து கேட்டிருந்தால் என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது, வாத்தியார் தலையில் போடாதே.

கந்தசுவாமி உன்னைக் காக்கட்டும், நீ நினைத்த வேலை கிடைக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. அந்த ஜாதகத்துக்குக் கீழே விவரச் சீட்டு எழுதி வைப்பாய் அல்லவா, அதில் கடிகாரம் பிழை என்று மட்டும் எழுதி முடிக்காதே. கடிகாரத்தைத் தள்ளி வைத்தது ஜப்பான்காரன். வேண்டாமென்று சொன்னது அம்மா.

உன் அம்மா,
மீனலோசனி விநாயகமூர்த்தி