இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள்

மே 3

இன்று பதினேழு. கார்வினிடம் ஃபோனில் சொன்னேன். "அடேங்கப்பா! எனக்கு ஆறுதான் தேறுச்சு" என்றான். பகலெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு மாலையில் அவனும் வீடு வீடாக அலைகிறான்.

கட்சி என்று பெயர். இந்த ஊரில் அவன், அவன் மனைவி ஐரிஸ், நான். நவம்பரில் நடக்கும் சட்டமன்றத் தேர்தலில் அவன் பெயர் வாக்குச்சீட்டில் அச்சாக வேண்டுமானால் ஜூன் முடிவதற்குள் ஐந்நூறு வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் இந்தப் பாடு இல்லை.

மே 8

மழை. நான்குதான்.

மே 14

ஆற்றுத் தெருவில் ஒரு பெரிய மீசைக்காரர். "ஓட்டைப் பிரிக்கிறதுக்குன்னே வர்றீங்களா? போன தடவை உங்களை மாதிரி ஆளாலதான் எங்காளு தோத்தான்" என்றார்.

நம்மூர் மருத்துவமனையை மூட இரண்டு கட்சியும் சேர்ந்துதானே கையைத் தூக்கின என்று கேட்டேன்.

"அது சரிதான். ஆனா உங்காளு ஜெயிச்சா நான் இந்த மீசையை எடுத்துடறேன்."

கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பத்து நிமிடம் நின்று பேசினார். வீடு வரும்வரை அந்தப் பத்து நிமிடத்தையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீடு என்றா எழுதினேன்? சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை.

மே 15

உண்மையைச் சொல், ரோவீனா. மருத்துவமனைக்காகத்தான் அலைகிறாயா? வென்டலோடு முப்பத்தொரு வருடம். விவாகரத்தாகி இப்போது ஏழு மாதம். பள்ளிச் சமையலறை வேலையும் முடிந்துவிட்டது. சில நாள் கடைக்காரரிடம் சொல்லும் "நன்றி" மட்டும்தான் பேச்சு. கையெழுத்துக்குப் போனால் கதவு திறக்கிறது. ஒரு முகம் தெரிகிறது.

மே 29

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்குள், "கார்வினுக்கா? இவன் ஆம்புலன்ஸ்லதான் பொறந்தான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது மைல் இருந்துச்சு. குடுங்க, எங்க போடணும்?" என்றாள். குழந்தை பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

ஜூன் 17

ஜூனிப்பர் தெரு. எங்கள் பழைய வீட்டு வாசல் கதவுக்கு வென்டல் பச்சை வண்ணம் அடித்திருக்கிறான். தட்டவில்லை.

ஜூன் 30

மொத்தம் 588! அதில் என்னுடையது 214. ஒவ்வொரு தாளின் அடியிலும், வாங்கியவர் தன் பெயரும் முகவரியும் எழுதி உறுதிமொழி தர வேண்டும். ஐரிஸ் வீட்டுச் சமையலறை மேசையில் இருபத்திரண்டு தாளுக்கும் ஒரே மூச்சில் எழுதினேன். அவள் ருபார்ப் பை என்ற இனிப்புப் பலகாரம் சுட்டிருந்தாள். மூவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். எதற்கென்று நினைவில்லை.

ஜூலை 16

பெரிய கட்சி ஒன்றின் வக்கீல் எங்கள் கையெழுத்துகளுக்கு ஆட்சேபம் போட்டிருக்கிறார். "எல்லாருக்கும் போடுறதுதான், கவலைப்படாதீங்க" என்கிறான் கார்வின்.

ஜூலை 22

விசாரணை. எழுதவே கை வரவில்லை.

வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, இது நீங்க எழுதினதுதானே? ஜூனிப்பர் தெரு, நாற்பத்தொண்ணுன்னு இருக்கு. இப்ப அங்கதான் இருக்கீங்களா?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"போன அக்டோபர்லேர்ந்து."

இருபத்திரண்டு தாளிலும் அதே முகவரி. பொய் சொல்ல நினைக்கவில்லை — பேனாவைப் பிடித்ததும் கை தன்பாட்டில் எழுதிவிட்டது. ஐயோ, ஒரு தாளிலாவது என் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா? என் 214 கையெழுத்தும் செல்லாது. மீதி 374. முடிந்தது.

கார்வின் தலை நிமிரவேயில்லை. வாசலில் எனக்காக நின்றான். நான் பின்பக்கமாக வந்துவிட்டேன்.

ஜூலை 26

ஃபோன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஐரிஸ் மாடியேறி வந்தாள். கதவைத் திறக்கும்வரை தட்டினாள்.

"கார்வினுக்குக் கோவமா?" என்றேன்.

"இருந்துச்சு. மூணு நாள். இப்ப நீங்க ஃபோனை எடுக்கலன்னுதான் கோவம்." கட்டிலில் உட்கார்ந்தாள். "பேரு அச்சாகலைன்னா என்ன? ஓட்டுப் போடுறவங்களே சீட்டுல பேரைக் கையால எழுதிப் போடலாமே. அதுக்குப் பதிவு பண்ணியாச்சு."

"நான் வேண்டாம், ஐரிஸ். நான் தொட்டாலே—"

"போதும் நிறுத்துங்க. என்ன அறை இது, குடிக்க ஒரு காபி இல்லியா?"

ஆகஸ்ட் 4

மாவட்ட அலுவலகம் போய் வாக்காளர் பட்டியலில் என் முகவரியை மாற்றினேன். புதிய முகவரியைப் படிவத்தில் எழுத இவ்வளவு நேரமா ஆகும்? பின்னால் நின்றவர் இருமினார்.

நவம்பர் 4

புதிய வாக்குச்சாவடி. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கார்வின் டெல்லிங்கர் என்று எழுத்தெழுத்தாக எழுதிப் போட்டேன்.

நவம்பர் 12

முடிவுகள். வென்றவருக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். கார்வினுக்கு 163. "நூத்தி அறுபத்தி மூணு பேரு கைவலிக்க எழுதியிருக்காங்க!" என்று ஃபோனில் கத்தினான். அடுத்த முறையும் நிற்பானாம்.

சாவடிவாரிப் பட்டியலை ஐரிஸ் அனுப்பியிருந்தாள். என் சாவடியில் இரண்டு. ஒன்று நான்.

இன்னொருவர் யார்? ஊரெல்லாம் தட்டினேன், இந்தத் தெருவில் மட்டும் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. இங்கே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

மாலையில் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். கையில் தாள் எதுவும் இல்லை.

"யாரு?"

"பக்கத்து அறை. ரோவீனா. ஒண்ணுமில்ல, சும்மாதான்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.