சுமிக்குக் கொடுத்த கரண்டி

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? கூரைப் பனியைத் தள்ள நீங்களே ஏறிவிடாதீர்கள். ஒசாகாவில் நான் நலம்.

உங்கள் மகன் வளர்த்த பூனை சுமி கொஞ்ச நாளாக மெலிந்துகொண்டே வந்தது. டாக்டர் யாசுதாவிடம் தூக்கிப் போனேன்.

"மூத்திரம் பிடிச்சிட்டு வாங்கம்மா. கிட்னி கெட ஆரம்பிச்சா, ரத்தத்துல தெரியறதுக்கு முன்னாடியே மூத்திரத்துல வர்ற கழிவுங்க மாறிடுமாம். யுனிவர்சிட்டில புதுசா பாக்கறாங்க" என்றார்.

சுமி குந்தும்போது நைசாகப் பின்னால் போய், மிசோ சூப் கரண்டியை நீட்டிப் பிடித்துவிட்டேன். அது திரும்பி ஒரு முறை முறைத்தது பாருங்கள்! இதைக் கேட்ட டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கரண்டியக் கழுவினீங்களா? இல்லேன்னா பூனைக்கு மிசோ வியாதின்னு ரிசல்ட் வந்துடும்!"

நேற்று ரிசல்ட் வந்தது. கிட்னிதான், ஆனால் இப்போதுதான் ஆரம்பமாம். சாப்பாட்டை மாற்றினால் இன்னும் சில வருஷம் நன்றாக இருக்குமாம். உங்கள் மகனின் நோய் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. சுமிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அத்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மனசு லேசாகத்தான் இருந்தது.

இனி மாதாமாதம் மூத்திரம் கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த கரண்டி சுமிக்கே போய்விட்டது. கோபிக்காதீர்கள். அங்கே வேறொன்று கிடைத்தால் அனுப்புங்கள். சின்னதே போதும், இப்போது ஒரு கிண்ணம் சூப்தானே ஊற்றுகிறேன்.

ஷிப்டுக்கு மணியாகிவிட்டது, ஓடுகிறேன்.

கினுயே