டயர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம், என் மேல் அம்மாவுக்கு இருக்கும் கோபமும் குறைவில்லாமல் நலமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே பத்து நாளாக மழை விட்டபாடில்லை, நாற்காலி, கதவு, புத்தக அலமாரி எல்லாவற்றிலும் ஈரத்துணி தொங்குகிறது, உன் அண்ணன் நேற்று பாதி காய்ந்த கால்சட்டையோடுதான் ஆபீஸ் போனான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மின்சாரக் காருக்கு, வெயில் மழை எல்லாவற்றுக்கும் ஏற்ற ஆல் சீசன் டயர் இப்போதே மாற்றலாமா, மழைக்காலம் முடிந்து மாற்றலாமா என்று போன மாதம் கேட்டாய். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய கெத்தில் நான், டிப்போவில் நாங்கள் பார்ப்பது போல டயர் பள்ளத்தில் தீக்குச்சியைத் தலைகீழாக விட்டுப் பார்க்கச் சொன்னேன். மருந்துத் தலை மறைகிறது என்றாய், இன்னும் ஒரு வருஷம் ஓடும், சும்மா இரு என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணனின் மின்சாரக் காரில் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தக் கார் டயரிலும் கிளம்பும் முன் தீக்குச்சி வைத்துப் பார்த்தேன், அதுவும் தேறியது. திரும்பும்போது நல்ல மழை. மருந்துக்கடை முக்கில் சிவப்பு விழுந்ததும் பிரேக் போட்டேன், வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், ஜனங்கள் ரோட்டைக் கடக்கும் கோடுகளையும் தாண்டித்தான் நின்றது. அந்த நேரம் அங்கே யாரும் இல்லை, அது என் சாமர்த்தியம் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதுவும் தெரியாத அம்மா, என்னங்க, வீடு வந்துடுச்சா என்று கேட்டாள். இன்னும் இல்ல என்றேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் நடந்ததைச் சொன்னேன்.

மறுநாள் அண்ணனோடு டயர் கடைக்குப் போனேன், அங்கே ஒரு பெண்தான் மெக்கானிக். என் தீக்குச்சிக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இந்த வண்டிக்கு பேட்டரியே அஞ்சாறு ஆள் எடை இருக்குங்க, டயர் சீக்கிரம் தேஞ்சிடும், இந்தப் பள்ளம் காஞ்ச ரோட்டுக்குச் சரி, மழைத்தண்ணிய வெளிய தள்ளப் பத்தாது என்றாள். ஒரு டயர் சார்ஜை மிச்சம் பிடிக்குமாம், இன்னொன்று, ஆல் சீசன், மழையில் நன்றாகப் பிடித்து நிற்குமாம், ஆனால் ஒரு சார்ஜுக்குப் பதினைந்து கிலோமீட்டர் குறையுமாம். அண்ணன் முதலாவதைத் தொட்டுப் பார்த்தான், நான் இரண்டாவதை மாட்டச் சொல்லிவிட்டேன். நீயும் உன் காரின் எடையைத் தாங்குமா, ஈர ரோட்டில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டு வாங்கு. புது டயர் இரைகிறது என்று மாப்பிள்ளை அலுத்துக்கொண்டால் பாட்டு போட்டுக்கொள்ளச் சொல்.

அம்மா இதைப் போனில் சொன்னதற்கு, அப்பா சொல்லட்டும், அப்பறம் மாத்தறேன் என்றாயாமே. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, பிறகுதான் உறைத்தது. என் பேச்சை நம்பித்தானே அந்தத் தேய்ந்த டயரில் தினமும் மழையில் போய் வருகிறாய். போனில் என்றால் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால் எழுத்திலேயே சொல்கிறேன், நான் சொன்னது தப்பு. அம்மா இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பப் பக்கத்திலேயே நிற்கிறாள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மாற்றும்வரை ஆபீஸுக்கு ரயிலில் போ. இனி நான் எதைச் சொன்னாலும் விஷயம் தெரிந்த இன்னொருவரிடமும் கேட்டுக்கொள். டயரை மாற்றச் சொல்கிறேனே, இதை மட்டும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா